டெஸ்டோஸ்டிரோன் அறிக்கையில் இல்லாத ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவ இணைப்பில் சென்ற வாரம் வந்த, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வெறும் வாசகியாக. இரண்டாம் முறை கையில் சிவப்புப் பேனாவுடன். 31 ஆண்டுகள் மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய கண் இது. செய்தித்தாள் என்றால் மட்டும் சும்மா இருக்குமா?

கட்டுரையாளர் மூன்று விஷயங்களைச் சொல்கிறார். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனின் மொத்த அளவு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனால் அது குறைபாடு. இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹார்மோன் 'பஸ்ஸுக்குள் பூட்டப்பட்ட பயணி'யைப் போல வீண். ஆகையால், அந்தப் புரதத்தைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுவது நல்லது. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது தவறு. மூன்றாவதைப் படித்தபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன். டெஸ்டோஸ்டிரோன், பெண் ஹார்மோன்களான எஸ்ட்ரடையால், புரோஜெஸ்டிரோன் எல்லாம் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகிறவை. நான்கு வளையங்கள் கோத்த சின்ன மூலக்கூறுகள். கொழுப்போடு கூடும், தண்ணீரோடு கூடாது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இவை தனித்து மிதப்பது கொஞ்சம்தான். மீதி புரதங்களைப் பற்றிக்கொண்டுதான் பயணம் செய்கிறது. அந்தப் புரதங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஆல்புமின். இன்னொன்று பாலின ஹார்மோன்களைப் பிணைக்கும் குளோபுலின். ஆய்வகத்தில் நாங்கள் எஸ்எச்பிஜி என்றே சொல்வோம். இரண்டையும் கல்லீரல்தான் செய்து இரத்தத்தில் விடுகிறது.

இந்த இரண்டுக்கும் குணம் வேறு. எஸ்எச்பிஜி ஒரே மாதிரியான இரண்டு துண்டுகள் சேர்ந்த ஜோடி. ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஆழமான குழி. டெஸ்டோஸ்டிரோன் அதற்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடல் செய்துகொள்ளும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் அதைவிட இறுக்கமாக உட்காரும், எஸ்ட்ரடையால் கொஞ்சம் தளர்வாக. ஆல்புமினுக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த குழி கிடையாது. கொழுப்பு அமிலம், பிலிருபின், பாதி மருந்துக் கடை என்று எது வந்தாலும் ஒட்டிக்கொள்ளும் மேனி அதற்கு. டெஸ்டோஸ்டிரோனைப் பிடிப்பதில் எஸ்எச்பிஜியின் பிடி ஆல்புமினுடையதைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. ஆனால் எண்ணிக்கை என்று வந்தால் ஆல்புமின் கடல். ஒரு லிட்டர் இரத்தச் சீரத்தில் எஸ்எச்பிஜி சில பத்து நானோமோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) இருந்தால், ஆல்புமின் சுமார் ஆறு லட்சம் நானோமோல் இருக்கும். பிடியின் வலுவும் கூட்டத்தின் பலமும் ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றன. 1981-இல் டன், நிசுலா, ராட்பார்ட் ஆகிய மூவரும் வெளியிட்ட கணக்குகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன: ஆண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனில் சுமார் 44 சதவீதம் எஸ்எச்பிஜியிடமும், சுமார் 50 சதவீதம் ஆல்புமினிடமும் இருக்கிறது. எதிலும் ஒட்டாமல் சுதந்திரமாக இருப்பது சுமார் 2 சதவீதம். பெண்களிடம் எஸ்எச்பிஜியின் பங்கு சுமார் 66 சதவீதம். சுதந்திரப் பங்கு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு.

செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போய், ஹார்மோனின் செய்தியை வாங்கும் ஏற்பியைத் தொடுவது பெரும்பாலும் அந்தச் சுதந்திரப் பங்குதான் என்பது பல பத்தாண்டுகளாக உள்ள கருத்து. 1989-இல் கார்ல் மெண்டல் எழுதிய நீண்ட கட்டுரை அதை ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டியது. உங்கள் கட்டுரையாளர் இதைப் பாதி கேட்டுவிட்டு, 'அப்படியானால் மற்ற 98 சதவீதம் வீண்' என்ற முடிவுக்குத் தாவிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் சொல்லும் பஸ்ஸுக்குக் கதவே இல்லை, ஐயா. ஓடும்போதே ஏறுகிறார்கள், ஓடும்போதே இறங்குகிறார்கள். ஆல்புமினிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கழன்று வர ஒரு நொடிகூட வேண்டாம். எஸ்எச்பிஜியிலிருந்து கழல்வதும் சில பத்து நொடிகளில் நடந்துவிடும். சுதந்திரமாக இருந்ததில் கொஞ்சம் திசுக்குள் போய்விட்டால், புரதம் அந்த இடத்தை நிரப்பக் கொஞ்சம் கொடுக்கும். புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சுரந்த ஹார்மோனைக் கல்லீரல் சட்டென்று பிடித்து உடைத்து வெளியேற்றிவிடும். டெஸ்டோஸ்டிரோனோ காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு என்று அலை அலையாகச் சுரப்பது. அந்த அலையின் மேடு பள்ளங்களைத் தாங்கிச் சமன் செய்வது இந்த 'வீணான' 98 சதவீதம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்எச்பிஜியோடு சேர்ந்தே ஹார்மோன் சில செல்களுக்குள் போகிறது, மெகாலின் என்ற ஏற்பி அதை அப்படியே உள்ளே இழுக்கிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. மெகாலின் இல்லாத சுண்டெலிகளில் ஆண் குட்டிகளுக்கு விரைகள் சரியாக இறங்கவில்லை என்றும் அதில் காட்டினார்கள். அது எவ்வளவு முக்கியமான பாதை என்பதில் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்கும் இதில் ஒரு தயக்கம் உண்டு: வளர்ந்த சுண்டெலி, எலிகளின் கல்லீரல் எஸ்எச்பிஜியைச் செய்வதே இல்லை. எலியை வைத்து மனிதனுக்குக் கணக்குப் போடும்போது இந்த ஒரு விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆனால் 'ஒட்டியிருந்தால் உபயோகமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடிய சங்கதி இல்லை இது.

இப்போது அந்த 300-க்கு வருகிறேன். இதை எழுத என்னைத் தூண்டியதே அதுதான்.

என் அக்கா மகன். வயது 34. திருமணமாகி மூன்று ஆண்டுகள். குழந்தை வேண்டும் என்று இருவரும் பரிசோதனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினான். மொத்த டெஸ்டோஸ்டிரோன் 288. பக்கத்தில் சிவப்பில், 'குறைவு' என்பதற்கான அம்புக்குறி. "சித்தி, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். நாளைக்கே போகலாமா?" என்று கேட்டிருந்தான்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தை வேண்டும் என்று இருக்கும் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், 'வெளியிலிருந்து வேண்டிய மட்டும் வருகிறதே' என்று மூளையடிச் சுரப்பி தன் சமிக்ஞைகளை நிறுத்திக்கொள்ளும். விரைகளில் விந்தணு உற்பத்தி சரிந்துவிடும். ஊசியை நிறுத்திய பிறகும் அது மீள மாதக்கணக்கில் ஆகலாம். எதற்காகப் போகிறானோ அதையே கெடுத்துக்கொண்டு வருவான்.

உடனே கூப்பிட்டு, "எஸ்எச்பிஜி எவ்வளவு என்று போட்டிருக்கிறதா, பார்" என்றேன். தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு வரியே இல்லையே சித்தி" என்றான்.

இரண்டு நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னேன். மொத்தம் அதே 288. நானோமோல் கணக்கில் லிட்டருக்கு 10. எஸ்எச்பிஜி 15 நானோமோல். ஆல்புமின் லிட்டருக்கு 43 கிராம். பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்து அலெக்ஸ் வெர்மூலன் குழுவினர் 1999-இல் கொடுத்த சமன்பாடு இருக்கிறது. இந்த மூன்று எண்களையும் அதில் இட்டால் சுதந்திர டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு சுமார் 285 பிக்கோமோல் (ஆயிரம் பிக்கோமோல் ஒரு நானோமோல்). ஐரோப்பாவில் நடுவயது, முதுவயது ஆண்களிடம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று இதற்குக் கீழ் எல்லையாகக் கொண்டது 220. பையனுக்குக் குறை எதுவும் இல்லை.

இதே 10 நானோமோலை வேறொருவருக்கு வைத்துப் பாருங்கள். வயது எழுபது, ஒல்லியான உடல், வலிப்புக்காகப் பல ஆண்டுகளாக ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றும் எஸ்எச்பிஜியை ஏற்றிவிடக் கூடியவை. அது 70 ஆக இருந்தால், அதே சமன்பாட்டில் சுதந்திர அளவு சுமார் 116-தான் வரும். மொத்த எண்ணில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். திசுக்களுக்குக் கிடைப்பதில் ஒருவருக்கு மற்றவரைப் போல் இரண்டரை மடங்கு. உங்கள் கட்டுரையின்படி இருவருக்கும் ஒரே நோய், ஒரே ஊசி.

மொத்த அளவே உதவாது என்று நான் சொல்லவில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதுதான். வழிகாட்டு நெறிகளும் அப்படியே சொல்கின்றன. நன்றாக மேலேயோ, பாதாளத்திலோ இருந்தால் வேறு எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. எல்லைக்கோட்டை ஒட்டி நின்றாலோ, எஸ்எச்பிஜியை மாற்றிவிடும் காரணம் எதுவும் உடலில் இருந்தாலோ அதோடு நிற்கக் கூடாது. அந்தக் காரணங்கள் அரிதானவையும் அல்ல. உடல் பருமன், கொழுப்பேறிய கல்லீரல், இன்சுலினுக்கு உடல் மசியாத நிலை, தைராய்டு குறைவு இவையெல்லாம் எஸ்எச்பிஜியை இறக்கும். தைராய்டு மிகுதி, கல்லீரல் சுருக்கம், வாய்வழியாகச் சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இவை ஏற்றும்.

'வாய்வழியாக' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், எஸ்எச்பிஜி உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்தால் அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

கட்டுரையில் பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்தப் புரதம் அதிகம் அலைக்கழிப்பது அவர்களைத்தான். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள எத்தனையோ இளம்பெண்களின் அறிக்கைகளில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் 'இயல்பு' என்று வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தாடையில் முடி, முகமெல்லாம் பரு, மாதவிடாய் ஒழுங்கில்லை. அறிக்கையோ எல்லாம் சரி என்கிறது. எஸ்எச்பிஜியைப் பார்த்தால் தரையில் கிடக்கும். ஆணின் உடலில் எஸ்எச்பிஜி குறைந்தால், மூளை சுதந்திர அளவை உணர்ந்து சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மொத்தம் இறங்கினாலும் சுதந்திர அளவு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. பெண்ணின் டெஸ்டோஸ்டிரோனுக்கு அப்படிப்பட்ட நேரடிக் கடிவாளம் இல்லை. ஆகையால் அவளுடைய சுதந்திர அளவு ஏறிவிடுகிறது.

கர்ப்ப காலத்தில் நேர்மாறு. எஸ்எச்பிஜி ஐந்து முதல் பத்து மடங்கு வரை உயரும். மொத்த டெஸ்டோஸ்டிரோனும் கூடவே உயரும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் பயந்துபோவோம். தாய்க்கு மீசை முளைப்பதில்லை. அத்தனையையும் பிடித்துவைத்துக்கொள்ளப் புரதம் இருக்கிறது.

ஹார்மோன்கள் 'எல்லாம்' எஸ்எச்பிஜியில் ஏறிப் போகின்றன என்று எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். புரோஜெஸ்டிரோனை அது பொருட்படுத்துவதே இல்லை. புரோஜெஸ்டிரோனுக்கு ஆல்புமினும், அழற்சியை அடக்கும் ஹார்மோனான கார்டிசோலைச் சுமக்கும் டிரான்ஸ்கார்டின் என்ற புரதமும்தான் துணை. டிரான்ஸ்கார்டின் ஒரு வேடிக்கையான ஆள். அழற்சி உள்ள இடத்தில் வெள்ளணுக்கள் விடும் எலாஸ்டேஸ் நொதி அதை ஓர் இடத்தில் வெட்டும். வெட்டுப்பட்டதும் பிடி தளர்ந்து, தேவைப்படும் இடத்திலேயே கார்டிசோலைக் கொட்டிவிடும். பூட்டிய பஸ்ஸாம்!

மாத்திரைகளைப் பற்றி. எஸ்எச்பிஜியை வில்லனாக்கி, 'குறைத்தால் ஆண்மை பெருகும்' என்பது விளம்பரக்காரர் பேச்சு. உங்கள் மருத்துவ இணைப்பு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்எச்பிஜி குறைவாக உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆண், பெண் இரு பாலரிடமும் 2009-இலேயே காட்டிவிட்டார்கள். கல்லீரலில் கொழுப்பு சேர்வதன் அடையாளமாகப் பல நேரம் அது இறங்குகிறது. இறங்கிக் கிடப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியிருக்க, காசு கொடுத்து இறக்குவார்களா? அப்படியே இறக்கினாலும், மேலே சொன்னபடி ஆணின் உடல் சுரப்பைக் குறைத்துக் கணக்கைச் சரிசெய்துவிடும்.

சுதந்திர டெஸ்டோஸ்டிரோனை நேரடியாக அளந்துவிட்டால் போகிறது என்று யாராவது கேட்கலாம். அளக்கலாம், எளிதில்லை. சமநிலை டயாலிசிஸ் என்ற முறையை என் கையால் செய்திருக்கிறேன். சின்னக் கலம் ஒன்றை மெல்லிய சவ்வு இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கம் இளமஞ்சள் சீரம், மறுபக்கம் நிறமற்ற உப்புக்கரைசல். புரதம் பெரியது, சவ்வைத் தாண்டாது. சுதந்திர ஹார்மோன் தாண்டும். இரவு முழுக்க 37 டிகிரியில் மெல்ல ஆட்டிக்கொண்டே வைத்திருந்து, காலையில் கரைசல் பக்கத்தில் இருப்பதை அளக்க வேண்டும். ஒரு முறை அந்த வெப்பப் பெட்டி இரவில் 25 டிகிரிக்கு இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் அந்தத் தொகுப்பில் அத்தனை பேருக்கும் சுதந்திர அளவு குறைவு. குளிரில் புரதத்தின் பிடி இறுகிவிடுகிறது, அவ்வளவுதான். முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்தச் சிரமம் வேண்டாம் என்று 'சுதந்திர டெஸ்டோஸ்டிரோன்' என்ற பெயரில் சில மணி நேரத்தில் முடிவு தரும் நேரடிக் கருவித்தொகுப்புகள் விற்கிறார்கள். எஸ்எச்பிஜி மாறினால் அவற்றின் எண்ணும் தடுமாறும். வல்லுநர்கள் அவற்றை நம்ப வேண்டாம் என்கிறார்கள். அதைவிட மூன்று எண்களை வைத்துக் கணக்குப் போடுவது எவ்வளவோ மேல்.

அந்த எண்களும் சுத்தமாக வர வேண்டும். இரத்தம் எடுக்கும்போது கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, நரம்பைத் தேடித் தட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் நிற்பார்கள். அந்த நேரத்தில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும்; பெரிய புரதங்கள் உள்ளேயே தங்கிவிடும். ஆல்புமின் ஏறும், எஸ்எச்பிஜி ஏறும், அவற்றில் ஒட்டிய ஹார்மோனும் சேர்ந்து ஏறும். படுத்திருந்து எழுந்து நிற்பதும் இப்படியே கொஞ்சம் ஏற்றும். எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகள் இதற்காக என்னிடம் வாங்கிய திட்டு கொஞ்ச நஞ்சமில்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. மாத்திரைகளைப் பற்றிய அந்தப் பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த முறை ஹார்மோன் பரிசோதனை பற்றி எழுதும்போது, எல்லையில் நிற்கும் எண்ணைக் கண்டு யாரும் ஊசிக்கு ஓடும் முன் 'எஸ்எச்பிஜி பார்த்தீர்களா?' என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். கட்டுரையாளர்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. பஸ் உவமை மேல்தான்.

அக்கா மகன் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தது. எட்டு மாதத்தில் 11 கிலோ குறைத்தான். போன வாரம் மறுபடி அறிக்கை அனுப்பினான். மொத்தம் 360. சிவப்பு அம்புக்குறி இல்லை. "பார்த்தீர்களா சித்தி, ஏறிவிட்டது!" என்றான். எஸ்எச்பிஜி 15-லிருந்து 24 ஆகியிருந்தது. கணக்குப் போட்டேன்: சுதந்திர அளவு 285-லிருந்து 298. பதின்மூன்று பிக்கோமோல். கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதைச் சொன்னேன். அவன் அந்த 360-ஐ மனைவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக மேற்பார்வையாளர் ஒருவர்
(என் அக்கா மகனை முன்னிட்டுப் பெயரை வெளியிட வேண்டாம்)